வெயிலில் கட்டும் பலூனுக்கு முக்கால் காற்று போதும்

ஏசி அறையில் முட்ட முட்ட ஊதிய பலூனை வாசல் வெயிலில் கட்டினால், விருந்தாளி வருவதற்குள் பட்பட்டென்று வெடிக்கும். பள்ளியில் படித்த சார்லஸ் விதிதான் காரணம்: அழுத்தம் மாறாதபோது, வெப்பம் ஏற ஏற வாயுவின் கன அளவும் கூடும். செல்சியஸ் வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டிக் கணக்குப் போடுங்கள். 24 டிகிரி அறையில் 297. வெளியே 39 டிகிரி என்றால் 312. காற்று சுமார் 5 சதவீதம் விரிந்துவிடும். நேர் வெயிலில், அதுவும் கறுப்பு பலூன் என்றால், இன்னும் சூடேறும். அதனால் வெளியே கட்டுவதற்கு முக்கால் அளவு ஊதி, நிழலில் கட்டுங்கள். அப்புறம், ஹீலியம் பலூன் ஏசியில் லேசாகச் சுருங்கினால் ஓட்டை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளியே கொண்டுவந்து கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், உப்பிவிடும்.