கொட்டை மலையில், கோப்பை ஊரில்: கொங்குச் சீமையில் காபி தேடிப் போவது எப்படி

ஏற்காட்டுக்குப் போனால் ஏற்காட்டுக் காபி குடிக்கலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மலையில் பழத்தைப் பறித்து, தோல் நீக்கி, களத்தில் காயவைத்ததும் மூட்டை கீழே இறங்கிவிடும். கியூரிங் ஆலையில் உமி நீக்கி, தரம் பிரித்து, வியாபாரி கைக்குப் போகும். இந்தியாவில் விளைவதில் பெரும்பங்கு ஏற்றுமதியாகிறது. மிச்சம் இருப்பதை வறுப்பதும் சமவெளியில்தான். ஏரிக்கரைக் கடையில் நுரை பொங்க ஆற்றித் தருகிற காபியின் பொடி, பல நேரம் நீங்கள் ஏறிவந்த அதே கொண்டை ஊசி வளைவுகளில் உங்களுக்கு முன்னால் லாரியில் ஏறி வந்ததாக இருக்கும்.

ஆகவே திட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். நல்ல கோப்பைக்குக் கோயம்புத்தூரும் சேலமும். செடியையும் பழத்தையும் பார்க்க, தோட்டக்காரரிடம் நேரடியாகக் கொட்டை வாங்க மலை. இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்த்தால் இரண்டும் அரைகுறையாகும்.

எந்த மாதம்

அரபிகா என்ற காபி வகை பூப்பது மார்ச், ஏப்ரல் மழையில். நல்ல மழை ஒன்று பெய்து எட்டு பத்து நாளில் தோட்டமே மல்லிகை மணக்கும். பூ நிற்பது மூன்று நாலு நாள்தான், அதற்கென்று முன்கூட்டியே டிக்கெட் போடுவது சூதாட்டம். பழம் சிவப்பது நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. பறிப்பையும் காயவைப்பதையும் பார்க்க டிசம்பர் கடைசியும் ஜனவரியும் தோதான காலம். நவம்பரில் வடகிழக்குப் பருவமழை நம் மலைகளில் கொட்டும். களத்தில் காயவைக்க முடியாமல் தோட்டக்காரர் தவித்துக்கொண்டிருப்பார், விருந்தாளிக்கு நேரம் இருக்காது. மலைப்பாதையில் மண் சரிவதும் அப்போதுதான்.

குடிப்பதற்கு மட்டும் போகிறவர் வேறு கணக்குப் போட வேண்டும். காய்ந்த கொட்டை சில வாரம் மூட்டையில் அடங்கி, உமி நீங்கி, வறுப்பவரிடம் வந்து சேர ஏப்ரல், மே ஆகிவிடும். புது விளைச்சலின் துடிப்பான புளிப்பும் வாசமும் கோப்பையில் தெரிவது மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரியில் கோவைக் கடையில் குடிப்பது பெரும்பாலும் போன வருஷத்துக் கொட்டை. மே மாதம் மட்டும் ஏற்காட்டைத் தவிர்த்துவிடுங்கள். கோடை விழாக் கூட்டத்தில் மலைப்பாதையிலேயே அரை நாள் போய்விடும்.

எந்த நேரம்

பயணத் திட்டத்தில் அதிகம் பிசகுவது இதில்தான். தேர்ந்தெடுத்த உயர்தரக் கொட்டையில் காபி போடும் 'ஸ்பெஷாலிட்டி' கடைகள் பல காலை பத்து, பதினொரு மணிக்குத்தான் திறக்கும். மெஸ்ஸிலும் பவனிலும் பில்டர் காபி நன்றாக இருப்பது காலை ஆறிலிருந்து எட்டு வரை, பிறகு மாலை நாலு மணி வாக்கில். முதல் டிகாக்ஷன் இறங்கும் நேரம் அது. நடுப்பகலில் கிடைப்பது காலையில் இறக்கிச் சூட்டிலேயே வைத்திருந்த டிகாக்ஷன், கசப்பு ஏறியிருக்கும். ஆகவே காலையில் பில்டர் காபி, பதினொரு மணிக்குக் கைவடிப்பு (வடிதாளில் பொடி போட்டுக் கையால் வெந்நீர் ஊற்றி வடிக்கும் 'போர்-ஓவர்'), மதியம் ஓய்வு, மாலையில் பொடிக் கடை என்று அடுக்கிக்கொண்டால் எதுவும் வீணாகாது.

ஒரு நாளைக்கு நாலு கோப்பைக்கு மேல் வைக்காதீர்கள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. கைவடிப்புக் காபி ஒரு கோப்பையிலேயே நூறு மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். இரண்டு பேர் போனால் ஒரு கோப்பையைப் பகிர்ந்து இரண்டு கடை பார்க்கலாம். பள்ளிபாளையம் சிக்கனை இரவுக்குத் தள்ளிவையுங்கள். அந்த வரமிளகாய்க்குப் பிறகு நாக்குக்கு எஸ்டேட்டும் தெரியாது, ஏலக்காயும் தெரியாது. மதியத்துக்கு அரிசிம்பருப்பு சாதமும் தயிரும் போதும்.

கடையை எப்படிக் கண்டுபிடிப்பது

கோவையில் ஆர்.எஸ்.புரம், ரேஸ்கோர்ஸ், சாய்பாபா காலனி, அவிநாசி ரோடு பக்கமும், சேலத்தில் பேர்லேண்ட்ஸ் சுற்றுவட்டாரமும் தேடலாம். மேப்பில் 'கஃபே' என்று மட்டும் போட்டால் மில்க்‌ஷேக் கடைகள்தான் வரிசைகட்டும். 'ரோஸ்டரி', 'போர்-ஓவர்', 'வி60' என்று போடுங்கள். நட்சத்திரக் குறிகளைவிட, வந்தவர்கள் போட்ட படங்கள் உண்மை பேசும். மெனுப் படத்தில் எஸ்டேட் பெயர் இருக்கிறதா, மேசையில் தராசு இருக்கிறதா, அலமாரியில் அடுக்கிய பாக்கெட்டில் வறுத்த தேதி இருக்கிறதா? மூன்றில் இரண்டு இருந்தால் போகலாம். மெனுவில் ஐஸ்கிரீம் போட்ட காபி பன்னிரண்டு வகையும் கறுப்புக் காபி ஒன்றுமாக இருந்தால், அது நல்ல கடையாகவே இருக்கலாம், ஆனால் இந்தப் பயணத்துக்கான கடையில்லை. திறக்கும் நேரத்தை மேப்பில் நம்பாமல் அவர்களுடைய இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டுப் போங்கள்.

உள்ளே போனதும் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. "ஏனுங்க, இந்தக் கொட்டை எப்ப வறுத்ததுங்க? எந்தத் தோட்டத்துதுங்க?" லேசாக வறுத்த கொட்டை வறுத்த ஏழாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை நன்றாக இருக்கும். நேற்று வறுத்ததென்றால் உள்ளே அடைபட்ட வாயு வெளியேறாமல் தண்ணீரைத் தள்ளிவிடும், சாறு சரியாக இறங்காது. இரண்டு மாதம் தாண்டியதென்றால் அட்டை வாசம். பதில் தெரியாமல் விழித்தால் பால் சேர்த்த ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நேரம் மிச்சம் பிடியுங்கள்.

'ஸ்பெஷாலிட்டி' என்ற சொல்லுக்கு ஓர் அளவு உண்டு: பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து நூற்றுக்கு 80 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ கொடுத்த கொட்டை. பலகையில் எழுதியிருப்பதால் மட்டும் அப்படி ஆகிவிடாது. முதல் கோப்பையைப் பாலும் சர்க்கரையும் இல்லாமல் வாங்குங்கள். அதே கொட்டையில் 'வாஷ்டு', 'நேச்சுரல்' இரண்டும் இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடியுங்கள். கழுவிக் காயவைத்தது துலக்கமாக எலுமிச்சைப் பக்கம் போகும், பழத்தோடு காயவைத்தது பலாவும் புளித்த திராட்சையுமாக மணக்கும். ஐந்து கடை சுற்றுவதைவிட இந்த ஒரு ஒப்பீடு நாக்குக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கும்.

நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டபராவோடு நிற்கும் 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகளை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. கருப்பட்டிக் காபி தனிச் சுகம்தான், ஆனால் கருப்பட்டி கொட்டையின் குணத்தை மூடிவிடும். தெருவுக்கு ஒன்றாக இருக்கும் நம்ம ஊர் பேக்கரியில் குடிப்பதானால் மாஸ்டர் கையைப் பாருங்கள். டப்பாவிலிருந்து ஸ்பூனால் எடுத்துப் போட்டால் இன்ஸ்டன்ட். பாத்திரத்திலிருந்து ஊற்றினால் டிகாக்ஷன்.

தண்ணீர்

ஒரே கொட்டை கோவையில் ஒரு மாதிரியும் கரூரில் வேறு மாதிரியும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். காபிக்குத் தோதானது லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் உப்புகள் கரைந்த தண்ணீர். சிறுவாணி மென்மையான தண்ணீர், அதில் வாசம் எடுப்பாக வரும். ஆழ்குழாய்க் கிணற்று உப்பேறிய சப்பைத் தண்ணியில் புளிப்பு அடங்கி, சுண்ணாம்புக் கசப்பு ஏறும். அதற்குப் பயந்து முழுக்க ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் எதிர்ப்பக்கம் போய்விடும். உப்பே இல்லாத தண்ணீரில் காபி தட்டையாக, வெறும் புளிப்பாக நிற்கும். கடையில் உட்கார்ந்ததும் வெறும் தண்ணீர் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். அது பிடிக்கவில்லையென்றால் காபியும் பிடிக்கப்போவதில்லை.

பொடிக் கடை

நரசுஸ் 1926-இல் தொடங்கிய சேலத்திலும், கோவை, ஈரோட்டிலும் கண்முன்னால் வறுத்து அரைத்துத் தரும் கடைகளுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். அவர்கள் பாஷை வேறு. 'பிளான்டேஷன் ஏ' என்றால் கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை. 'பீபெரி' என்றால் ஒரு பழத்துக்குள் ஒற்றையாக உருண்ட கொட்டை. உருண்டையாக இருப்பதால் சீராக வறுபடும், அதற்காகவே விலை கூட. 'ராபஸ்டா செர்ரி' என்றால் ராபஸ்டா என்ற இன்னொரு காபி வகையைப் பழத்தோடு காயவைத்தது, டிகாக்ஷனுக்குக் கனமும் நிறமும் தருவது.

சிக்கரியைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். மலையில் 'எஸ்டேட் காபி' என்று விற்கும் பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முதல் தடவை நூறு கிராம் போதும். அரைத்த பொடியின் வாசம் இரண்டு வாரத்தில் இறங்கிவிடும்.

மலைக்கு

மூன்று நாள் இருந்தால்: முதல் நாள் கோவை. இரண்டாம் நாள் காலை ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் சேலம், பொடிக் கடை, மதியத்துக்குப் பிறகு ஏற்காடு. மூன்றாம் நாள் காலை தோட்டம், மாலை இறக்கம். சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. ஏறுவதற்கு முன் வெறும் வயிற்றில் காபி குடித்தால் பத்தாவது வளைவில் தெரியும். சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். மேலே 1,500 மீட்டர் உயரத்தில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடியோடு சேர்ந்தே செடி நிற்கும். தோட்டத்துக்குள் சொல்லாமல் நுழையக் கூடாது. தங்கும் விடுதிக்காரரிடம் முந்தின நாளே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு. அங்கே பெரும்பாலும் சிறு விவசாயிகள், வாங்கக் கிடைப்பதும் பழத்தோடு காய்ந்த செர்ரிதான். ஒரு கிலோ செர்ரி உமி நீங்கினால் அரைக் கிலோ அளவுதான் தேறும், வறுக்கும்போது அதிலும் ஆறில் ஒரு பங்கு குறையும். மிளகு மூட்டைக்கு அருகில் கிடந்ததா என்று முகர்ந்து பாருங்கள். கொட்டை எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். பழனிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒட்டன்சத்திரம், பாச்சலூர் வழியாகத் தாண்டிக்குடி இருக்கிறது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் அங்கே உண்டு. கூட்டம் குறைவு, அரபிகா நல்லது. வால்பாறை தேயிலைச் சீமை. நாற்பது வளைவு ஏறி அங்கே காபி தேடுவதைவிட டீ குடித்துவிட்டு இறங்குவது புத்திசாலித்தனம். நீலகிரிக்கும் வால்பாறைக்கும் சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையில் நல்ல கோப்பை வேண்டுமென்றால் கையோடு கொண்டுபோவதுதான் வழி: கீழே வாங்கிய கொட்டை, கையால் சுற்றும் கிரைண்டர், வடிதாளும் கூம்பும், சின்னத் தராசு. 15 கிராம் பொடிக்கு 250 மில்லி தண்ணீர். முதலில் 40 மில்லி ஊற்றி அரை நிமிடம் ஊறவிட்டு, மீதியை மூன்று நிமிடத்துக்குள் வடித்துவிடுங்கள். வீட்டில் கொதித்ததும் கொஞ்சம் ஆறவிடுகிற பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். ஏற்காட்டு உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலை இறக்கியதும் ஊற்றுங்கள். ஆறவிட்டால் காபி புளித்து, நீர்த்துப் போய்விடும்.