காலைச் சர்க்கரையைப் பார்த்து இரவு மருந்தைக் கூட்டாதீர்கள்

இனிப்பைக் குறையுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை; அவற்றை விட்டுவிடுகிறேன். புதிதாகக் குளுக்கோமீட்டர் வாங்கியவர்களும், நீரிழிவுக்கு மருந்து எழுதத் தொடங்கியுள்ள இளம் மருத்துவர்களும், ஒரு காலத்தில் மருத்துவர்களான நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுவதைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

காலை அளவை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டுவது

படுக்கும்போது 150 இருந்த சர்க்கரை, இடையில் எதுவும் சாப்பிடாமலே காலையில் 190 ஆவது எப்படி என்று பலர் திகைக்கிறார்கள். கல்லீரல் வீட்டுப் பத்தாயம் போன்றது. விடியற்காலை 3 மணிக்கு மேல் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை கூடும்போது, அது சேமித்து வைத்த குளுக்கோஸை இரத்தத்தில் இறக்குகிறது. நீரிழிவு இல்லாதவர்களுக்கு இன்சுலினும் உடன் சுரந்து அதை அளவோடு நிறுத்திவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் அந்தத் தடை போதாமல் போகிறது.

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது, இதைக் கண்டதும் பலர் எடுக்கும் அடுத்த அடிதான். நீடாமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர், அறுபதைக் கடந்தவர், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கலவை இன்சுலின் (வேகமானதும் மெதுவானதும் கலந்தது) போட்டு வந்தார். காலை அளவு 200க்குக் கீழே வரவில்லை என்று அவருடைய மகன் இரண்டிரண்டு யூனிட்டாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். காலை அளவோ அசையவில்லை. கிளம்பும்போது அவர் மனைவி போகிறபோக்கில் சொன்னார்: "ராத்திரியில பனியன் தொப்பலா நனைஞ்சிருது டாக்டர், புழுக்கம்னு விசிறிவிட்டேன்." அன்றிரவு 3 மணிக்கு எழுப்பிப் பார்க்கச் சொன்னேன். அளவு 58. அந்த வியர்வை சர்க்கரைத் தாழ்வின் அடையாளம்.

இரவு 8 மணிக்குப் போடும் கலவை இன்சுலினின் மெதுவான பகுதி, நள்ளிரவை ஒட்டிய மணிநேரங்களில் உச்சமாக வேலை செய்து, விடியும் நேரத்தில் தேய்ந்துவிடுகிறது. கூட்டிய யூனிட்டுகள் நடுஇரவுத் தாழ்வை ஆழமாக்கினவே தவிர, விடியலுக்கு உதவவில்லை. தாழ்வுக்குப் பதிலடியாகவே காலையில் சர்க்கரை எகிறுகிறது என்ற, சோமோகி என்னும் ஆய்வாளரின் பழைய விளக்கம், உடலில் ஒட்டி இரவும் பகலும் அளக்கும் தொடர் சர்க்கரை அளவிகள் வந்தபின் பெரும்பாலோருக்குப் பொருந்தவில்லை. ஆனாலும் 3 மணி அளவைப் பார்க்க வேண்டிய அவசியம் அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே மருந்தைத் தொடுமுன், ஓரிரு இரவுகளில் படுக்கும்போதும், 3 மணிக்கும், எழுந்தவுடனும் பார்த்து எழுதுங்கள். 3 மணிக்கு 70க்குக் கீழே இருந்தால் இரவு மருந்து அதிகம். அப்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள் (நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மருத்துவமனைக்குத் தூக்குங்கள்). படுத்தபோதிருந்த உயரம் 3 மணிக்கும் அப்படியே இருந்தால், இரவு உணவையோ மருந்தின் போதாமையையோ பார்க்க வேண்டும். 3 மணிக்குச் சரியாக இருந்து பின்பு ஏறினால், அது விடியற்காலை ஏற்றம். ஊசியைப் படுக்கும் நேரத்துக்குத் தள்ளுவதா, கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினுக்கு மாறுவதா என்பதை மருத்துவர் அதன்பிறகே முடிவு செய்ய முடியும்.

நடவு நாளிலும் அதே அளவு

குறுவை நடவில் பகல் முழுவதும் குனிந்து வேலை செய்தவரின் தசைகள், இழந்த சர்க்கரையை இரவெல்லாம் இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றன. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள், குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்கள், நடவும் அறுவடையும் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும்.

ஏகாதசிப் பட்டினியோடு இரவு மாத்திரை

மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்காமல் போடாதீர்கள்.

பழம் உரித்த விரலில் குத்துவது

விரலில் ஒட்டிய பழச் சர்க்கரையும் அளவில் சேர்ந்துவிடும்; கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

பத்து மணிக்கு வெறும் வயிற்றுப் பரிசோதனை

கிராமத்திலிருந்து பேருந்து பிடித்து மன்னார்குடிக்கு வந்து, ஆய்வக வரிசையில் பத்து மணி வரை பட்டினியாக உட்கார்ந்தால், கல்லீரல் அதுவரையிலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். எழுந்தவுடன் இருந்ததைவிட எண் கூடுதலாக வரக்கூடும். வீட்டில் மீட்டர் உள்ளவர்கள் எழுந்தவுடன் குத்தி, நேரத்தோடு எழுதி அந்தச் சீட்டையும் கொண்டுவாருங்கள்.