ரோமியோ ஜூலியட்: கதை தெரிந்தவர்கள் சறுக்கும் இடங்கள்

ரோமியோ ஜூலியட் பற்றிப் பரீட்சைக்கோ கட்டுரைக்கோ எழுத உட்காரும்போது பெரிய சிக்கலே, கதை ஏற்கெனவே தெரியும் என்பதுதான். இரண்டு பகைக் குடும்பங்கள், ஒரு காதல், கொஞ்சம் விஷம், ஒரு குறுவாள். புத்தகத்தைத் திறக்காமலே ஐந்து பக்கம் எழுதிவிடலாம் என்று தோன்றும். எழுதியும் விடுகிறோம். ஆனால் அது ஷேக்ஸ்பியர் எழுதிய நாடகமாக இருக்காது, காற்றுவாக்கில் காதில் விழுந்த கதையாகத்தான் இருக்கும்.

‘கடைசியில் எதிர்பாராத விதமாக இருவரும் இறக்கிறார்கள்’ என்று ஒருவர் எழுதினால், அவர் முதல் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிட்டார் என்று அர்த்தம். கதை தொடங்கும் முன்பே 14 வரி முன்னுரைக் கவிதை ஒன்று வருகிறது. இந்தக் காதலர்கள் சாகப்போகிறார்கள், அந்தச் சாவில்தான் பெற்றோரின் பகை அடங்கும் என்று அது சொல்லிவிடுகிறது. முடிவு என்ன என்ற கேள்வியை ஷேக்ஸ்பியரே எடுத்துவிட்டார். எந்தக் கணத்தில் யார் கையிலிருந்து எது நழுவியது என்பதுதான் மிச்சம். கதைச் சுருக்கத்தை விட்டு ஆய்வு தொடங்க வேண்டிய இடமும் அதுவே.

அதே முன்னுரையில்தான் நட்சத்திரங்கள் குறுக்கே நின்ற காதலர்கள் என்ற புகழ்பெற்ற தொடர் வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ‘எல்லாம் விதி’ என்று முடிப்பவர்கள் ஏராளம். நானும் அப்படி எழுதியவன்தான். எழுதும்போது ரொம்ப ஆழமாக இருப்பதாகத் தோன்றியது. ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டைக் கொன்றவுடன் ரோமியோ, தான் விதியின் கைப்பாவை ஆகிவிட்டதாகப் புலம்புகிறான். ஆனால் வாளை உருவியது விதியா? டைபால்ட் கையால் நண்பன் மெர்குஷியோ செத்த ஆத்திரத்தில் அவனே உருவியதுதானே. ஒரு பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நாடகத்தின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விதி, தற்செயல், மனிதர்களின் அவசரம் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் அவசரத்தைத்தான் பலரும் கவனிப்பதே இல்லை.

நாட்களை எண்ணிப் பாருங்கள். ஷேக்ஸ்பியருக்கு மூலமாக இருந்தது ஆர்தர் புரூக் என்பவர் 1562இல் வெளியிட்ட நெடுங்கவிதை. அதில் இந்தக் கதை மாதக்கணக்கில் நடக்கிறது. ஷேக்ஸ்பியர் அதை ஐந்து நாளுக்குள் இறுக்கிவிட்டார். ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு, திங்கள் பிற்பகல் கல்யாணம், அது முடிந்த சூட்டிலேயே இரண்டு கொலைகள், செவ்வாய் விடியலில் பிரிவு. ஜூலியட்டுக்கும் பெற்றோர் பார்த்த மாப்பிள்ளை பாரிஸுக்கும் வியாழன் என்று நிச்சயித்த திருமணத்தை, தந்தை காப்யூலெட் ஒரு சந்தோஷ வேகத்தில் புதனுக்கு மாற்றுகிறார். அதனால் அதிலிருந்து தப்பிக்க, செத்ததுபோலக் காட்டும் மயக்க மருந்தை ஜூலியட் ஒரு நாள் முன்னதாகவே குடிக்க வேண்டியதாகிறது. மருந்தைக் கொடுத்த துறவி லாரன்ஸ் இந்தத் திட்டத்தைச் சொல்லி எழுதிய கடிதம் ரோமியோவைச் சேர இருந்த அவகாசம் அங்கேயே குறைந்துவிட்டது. கடிதம் கொண்டுபோனவர் கொள்ளைநோய்ச் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைபட்டது தற்செயல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தற்செயல் உயிரைக் குடித்ததற்கு, முன்பே தொலைந்துபோன அந்த ஒரு நாளும் காரணம். கதைப்பின்னல் பற்றி எழுதும்போது இந்தக் கணக்கைத் தொடாமல் போனால் பாதி நாடகம் வெளியே நிற்கும்.

ஜூலியட்டின் வயதையும் இப்படித்தான் கீழே இறக்கியிருக்கிறார். புரூக்கின் கவிதையில் 16ஐத் தொடும் பெண், இங்கே 14 நிறைய இன்னும் இரண்டு வாரம் சொச்சம் இருக்கும் சிறுமி.

பாத்திரங்களுக்கு வருவோம். தமிழில் ‘ரோமியோ’ என்பது பெண்கள் பின்னால் சுற்றுகிறவனுக்கு வைத்த பெயராகிவிட்டது. நாடகத்தின் தொடக்கத்தில் அவன் ரோசலின் என்ற வேறொரு பெண்ணுக்காக ஏங்கிக்கொண்டு ஒதுங்கித் திரிகிறவன். ரோசலினைக் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அவளைப் பற்றி அவன் பேசும்போது மொழி கடன் வாங்கியதுபோல இருக்கிறது: சண்டையிடும் காதலே, அன்பு செய்யும் வெறுப்பே என்று முரண்தொடர்களை அடுக்குகிறான். ஜூலியட்டைச் சந்தித்ததும் இருவரும் மாறி மாறிப் பேசும் வரிகள் சேர்ந்து ஒரு முழு 14 வரிக் கவிதையாகின்றன. காதல் மாறியதை மொழியே காட்டிவிடுகிறது.

ஜூலியட்டை ‘அப்பாவிப் பெண்’ என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பது இன்னொரு தவறு. கல்யாணம் பற்றிக் கனவுகூடக் கண்டதில்லை என்று முதலில் சொன்னவள், மூன்றாம் அங்கத்தில் தாயிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு பொருள்பட அளந்து பேசுகிறாள். வளர்த்த செவிலியே பாரிஸைக் கட்டிக்கொள் என்றதும் அவளை மனத்திலிருந்து விலக்கிவிடுகிறாள். துறவி லாரன்ஸ் விஷயத்திலும் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றம் வேண்டாம். வேகமாக ஓடுபவர் தடுக்கி விழுவார் என்று ரோமியோவுக்குப் புத்தி சொன்ன அதே ஆள் அன்றைக்கே கல்யாணத்தை முடித்து வைக்கிறார். அந்த முரண்தான் அவர் பாத்திரம். அப்புறம், மெர்குஷியோ ரோமியோவின் மாண்டேகு குடும்பத்தான் இல்லை, இளவரசரின் உறவினன். யாருடைய பகைக்கோ அவன் சாகிறான்.

சின்னச் சின்னச் சறுக்கல்களும் உண்டு. புகழ்பெற்ற பால்கனிக் காட்சியில் ஜூலியட் கேட்கும் ‘வேர்ஃபோர்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு ‘எங்கே’ என்று பொருள் இல்லை, ‘ஏன்’ என்று பொருள். ரோமியோ எங்கே இருக்கிறான் என்று அவள் தேடவில்லை. நீ ஏன் ரோமியோவாக, எதிரி வீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்கிறாள். உன் பெயரைத் துறந்துவிடு என்ற அடுத்த வரி அப்போதுதான் பொருந்தும். அந்தக் காட்சியின் பால்கனியும் நாடகத்தில் இல்லாத சொல். பிரதியில் இருப்பது ஜன்னல்.

அணிகளைப் பற்றி எழுதும்போது ‘இங்கே உருவகம், இங்கே சிலேடை’ என்று பட்டியல் போட்டால் மதிப்பெண் வரலாம், விளக்கம் வராது. குத்துப்பட்ட மெர்குஷியோ, நாளைக்கு என்னைத் தேடினால் ‘கிரேவ்’ மனிதனாக இருப்பேன் என்கிறான். அந்த ஆங்கிலச் சொல்லுக்குக் கல்லறை என்றும் பொருள், இறுக்கமான ஆள் என்றும் பொருள். சிலேடை என்று பெயர் சொல்வது எளிது. அதுவரை சிரிப்பும் குறும்பும் கல்யாணமுமாக இன்பியல் நாடகம் போல ஓடியது, சிரிக்க வைத்தவனோடு அங்கே செத்துப்போகிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

பாத்திரத்துக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரியும் நாடக முரணும் அப்படித்தான். அதற்கு இலக்கணம் எழுதி நிறுத்தாமல், கடைசிக் காட்சியின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லறைக்குள் ஜூலியட்டைப் பார்த்து ரோமியோ வியக்கிறான்: உன் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு மாறவில்லையே, சாவின் வெளிறிய கொடி இங்கே ஏறவில்லையே என்று. அவன் கண் சரியாகத்தான் பார்க்கிறது. அவள் விழிக்க இன்னும் சில நிமிடங்களே இருக்கின்றன, விஷம் கையில் இருக்கிறது.