டேப் ஹோல்ல காத்து ஊதினா ஃபர்னஸ் காலினு நினைக்காதீங்க

காஸ்ட் ஹவுஸ்ல, அதாவது உருகின இரும்ப வடிக்கிற இடத்துல, புதுசா சேர்ற பசங்க பிளாஸ்ட் ஃபர்னஸ (இரும்புத் தாது உருக்குற உலை) ஏதோ பெரிய அண்டா மாதிரி நினைச்சுக்கிறாங்க, டேப் ஹோல்னு ஒரு ஓட்டை போட்டா எல்லாம் வடிஞ்சுடும்னு. அப்படி இல்லப்பா. அடியில ஹார்த்னு சொல்ற தொட்டி முழுக்க ஜல்லி கொட்டின மாதிரி கோக் (சுட்ட நிலக்கரி) கிடக்கும், அந்த சந்துக்குள்ளதான் உருகின இரும்பும் ஸ்லாக்கும் (கசடு) தேங்கி நிக்குது. ரெண்டுமே 1500 டிகிரி பக்கம். இரும்பு தண்ணிய விட கிட்டத்தட்ட 7 மடங்கு கனம், அடியில உக்காந்துக்கும், ஸ்லாக் அதுல பாதி கனம்கூட இல்ல, மேல மிதக்கும். ஆனா இரும்பு தண்ணி மாதிரி ஓடிடும், ஸ்லாக் விளக்கெண்ணெய் மாதிரி, கோக் சந்துல இழுத்து இழுத்துதான் வரும். தலைவலியே அதான்.

திறக்கிறதுக்கு முன்னாடி ரன்னர (இரும்பும் ஸ்லாக்கும் ஓடுற வாய்க்கால) பாருங்க, ஈரம் துளிகூட இருக்கக் கூடாது. இரும்புக்கு அடியில தண்ணி மாட்டிச்சுன்னா வெடிக்கும், இதுல விளையாட்டே கிடையாது.

டிரில் உள்ள போறப்போ எத்தனை மீட்டர்ல ஓட்டை விழுந்துச்சுன்னு குறிச்சு வைங்க. பெரிய ஃபர்னஸ்ல 3 மீட்டர் பக்கம் வரணும், தடவைக்குத் தடவை குறைஞ்சுட்டே வந்தா ஓட்டைய அடைச்ச மண்ணு உள்ள கரையுது, பக்கத்துச் சுவரும் சேர்ந்து தேயும். பிட் 50 மில்லிமீட்டர் சுத்துவட்டாரத்துல போதும்.

பெரும்பாலும் முதல்ல இரும்பு வரும், கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்லாக் சேர்ந்துக்கும். ஓட்டைக்கு வெளிய ட்ரஃப்னு பெரிய வாய்க்கால் இருக்கும், அதுல ஸ்கிம்மர்னு ஒரு தடுப்பு இருக்கு, இரும்பு அதுக்கு அடியில பூந்து அந்தப் பக்கம் ஏறி லேடிலுக்கு (இரும்ப புடிச்சுக் கொண்டு போற பெரிய வாளி) போயிடும், மேல மிதக்கிற ஸ்லாக் தடுப்புல முட்டி சைடு ரன்னர்ல திரும்பிடும். ட்ரஃப்ல எப்பவும் இரும்பு தேங்கி நின்னாதான் இது வேலை செய்யும். மட்டம் இறங்கிடுச்சுன்னா ஸ்லாக் லேடிலுக்குப் போகும், அதுகூட பரவால்ல, இரும்பு ஸ்லாக் பக்கம் தப்பிச்சு ஸ்லாக்க குளிர வைக்கிற கிரானுலேஷன் தண்ணில விழுந்தாதான் ஆபத்து. (அந்த ஸ்லாக் மணல் மாதிரி ஆகி சிமெண்டுக்குப் போகுது, சும்மா குப்பைனு நினைக்காதீங்க.)

இப்போ முக்கியமான விஷயம். ஸ்ட்ரால இளநீர் குடிக்கிறப்போ கொர் கொர்னு சத்தம் வரும், ஆனா காய சாய்ச்சா இன்னும் ரெண்டு மடக்கு இருக்கும்ல, அதே கதைதான் இங்கயும். ஸ்லாக் மெதுவா வர்றதால ஓட்டை பக்கம் மட்டும் மட்டம் சரிஞ்சு இறங்கிடும், ஃபர்னஸுக்குள்ள அழுத்தி ஊதுற காத்து அது வழியா பீச்சும், எதிர்ப்பக்கம் ஸ்லாக் அப்படியே நிக்கும். எவ்ளோ வேகமா வடிக்கிறீங்களோ அவ்ளோ மிச்சம். நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல ஒரு நைட் ஷிப்ட்ல லேடில் லேட்டா வந்துச்சு, டைம் புடிக்கணும்னு பெரிய பிட்ட போட்டோம், இரும்பு கொட்டோ கொட்டுனு கொட்டுச்சு, சீக்கிரமே காத்து ஊதவும் முடிஞ்சுதுன்னு மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டோம். திரும்பி வந்தா பிளாஸ்ட் பிரஷர் ஏறுது, சார்ஜ் (மேல இருந்து போடுற தாதும் கோக்கும்) தடுமாறி இறங்குது, டூயர் (காத்து ஊதுற குழாய்) கண்ணாடில பார்த்தா ஸ்லாக் எட்டிப் பார்க்குது. காத்தக் குறைச்சு பக்கத்து ஹோல அவசரமா திறந்தோம். அதனால காத்த நம்பாதீங்க, போட்ட சார்ஜுக்கு எவ்ளோ ஸ்லாக் வரணும், எவ்ளோ வந்துச்சுன்னு கணக்குப் பாருங்க. வைசாக் ஸ்டீல் பிளாண்ட் மாதிரி பெரிய ஃபர்னஸுக்கெல்லாம் 4 டேப் ஹோல் வச்சிருக்கிறது சும்மா இல்ல, ஒண்ண மூடினதும் இன்னொண்ண திறந்து விடாம வடிச்சுட்டே இருக்கத்தான்.

மூடுறப்போ மட் கன்ல (ஓட்டைக்குள்ள மண்ணு திணிக்கிற மெஷின்) மண்ண அழுத்திட்டு உடனே கன்ன எடுக்காதீங்க. தார் புகை கண்ண எரிக்கும், சட்டை பூரா கிராஃபைட் மினுமினுன்னு ஒட்டும், பரவால்ல, மண்ணு இறுகுற வரைக்கும் நில்லுங்க. சீக்கிரம் எடுத்தா இரும்பு மண்ணத் தள்ளிட்டு வெளிய வரும், அந்நேரம் பார்த்து லேடில் கிளம்பிப் போயிருக்கும்.