முன்அனுபவம் இல்லாம தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் ஆகுறது எப்படி (இனிஷியல் பஞ்சாயத்து உட்பட)

இது இந்தியன் பாஸ்போர்ட் வச்சிருக்கவங்களுக்கு மட்டும். யூடியூப்ல இருக்க வீடியோல பாதி அமெரிக்காகாரங்க போட்டது, அவங்ககிட்ட கேக்காத பேப்பரெல்லாம் நம்மகிட்ட கேப்பாங்க. கொரியால பெரும்பாலும் ஏழு நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான் இங்கிலீஷ் டீச்சர் விசா, நம்மாளுன்னா டீச்சிங் லைசென்ஸும் வேணும். அதான் தாய்லாந்து.

ஸ்டெப் 1: ஏதாவது ஒரு டிகிரி (பி.இ.யும் ஓகே), பாஸ்போர்ட் சேவால எடுத்த பிசிசி (போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட்), டோயிக்குங்குற இங்கிலீஷ் டெஸ்ட் ஸ்கோர். டோயிக் மொத்தம் 990 மார்க்குக்கு, ஸ்கூல்ல பொதுவா 600 கேப்பாங்க, ரெண்டு வருஷம்தான் செல்லும், அதனால ரொம்ப முன்னாடியே எழுதி வைக்காதீங்க. காசு இருந்தா செல்ட்டாங்குற இங்கிலீஷ் டீச்சர் டிரெய்னிங் கோர்ஸ் பண்ணுங்க, அதுல நிஜ ஸ்டூடன்ட்ஸுக்கு ஆறு மணி நேரம் கிளாஸ் எடுக்க வைப்பாங்க. இல்லன்னா டெஃபல்னு 120 மணி நேர ஆன்லைன் டீச்சிங் கோர்ஸ். கூப்பன்ல கிடைக்குற சீப் கோர்ஸ் ரெஸ்யூமேல ஒரு வரி, அவ்ளோதான்.

ஸ்டெப் 2: தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுத்தது, இல்லம் தேடிக் கல்வில தன்னார்வலரா இருந்தது எல்லாமே அனுபவம்தான், போடுங்க. ரெஸ்யூமேல போட்டோ கட்டாயம். ரெண்டு நிமிஷ வீடியோ ஒண்ணு போன்லயே எடுங்க, எடிட்டிங் ஆப் எதுவும் வேணாம், அமெரிக்கன் ஆக்சென்ட் போடவே போடாதீங்க, நிறுத்தி தெளிவா பேசினா போதும்.

ஸ்டெப் 3: டெர்ம் மே மாசமும் நவம்பரும் ஆரம்பிக்கும், அதுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி அப்ளை பண்ணுங்க. தாய்லாந்து டீச்சர் வேலைக்கான சைட் அஜான் டாட் காம்தான் என் சாய்ஸ், லிங்க்ட்இன் இதுக்கு வேஸ்ட். 'நேட்டிவ் ஒன்லி'ன்னு (இங்கிலீஷ் தாய்மொழியா இருக்கவங்க மட்டும்) போட்டிருந்தா தாண்டிப் போயிடுங்க. சம்பளமும் நேட்டிவ் டீச்சருக்கு குடுக்குறதைவிட கம்மிதான், தெரிஞ்சே போங்க.

ஸ்டெப் 4: இங்கதான் நான் மாட்டினேன். எஜுகேஷன் டிகிரி இல்லாதவங்களுக்கு குருசபாங்குற ஆசிரியர் கவுன்சில்ல ஸ்கூல் தற்காலிக அனுமதி வாங்கணும், அதுக்கு நம்ம டிகிரி உண்மையானதுதான்னு யுனிவர்சிட்டி லெட்டர் கேப்பாங்க. டிகிரில 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்ல 'கார்த்திக் செல்வம்'னு இருந்தா அங்க உக்காந்திருக்கவங்களுக்கு ரெண்டும் வேற ஆளு! எஸ்ங்குறது அப்பா பேருன்னு மெயில்ல விளக்கினா ஒண்ணும் ஆகாது. வெரிஃபிகேஷன் லெட்டர்லயே இனிஷியலை விரிச்சு, பாஸ்போர்ட் நம்பரும் சேத்துப் போடச்சொல்லி கெஞ்சுங்க. மாட்டேன்னா நோட்டரிகிட்ட இந்த ரெண்டு பேருமே ஒரே ஆளோட பேருதான்னு இங்கிலீஷ்ல அஃபிடவிட் வாங்கி, அப்பா பேரு இருக்க பர்த் சர்டிபிகேட்டோட அனுப்புங்க. டிகிரி அட்டெஸ்டேஷன் எந்த லெவல் வரைக்கும் வேணும்னு ஸ்கூல்ல கேட்டுட்டு அலைங்க, ஏஜென்ட் சொல்றதை நம்பி காசு கட்டாதீங்க.

ஸ்டெப் 5: ஸ்கூல் பேப்பர் அனுப்பினதும் வேலைக்குப் போறவங்களுக்கான நான்-இமிக்ரன்ட் பி விசா. 2025 ஜனவரிலேர்ந்து ஆன்லைன்லயே அப்ளை பண்ணலாம். 90 நாள் கிடைக்கும், அதுக்குள்ள ஒர்க் பர்மிட்டும் எக்ஸ்டென்ஷனும் முடிக்கணும்.

அப்டேட்: 'டூரிஸ்ட்டா போய் அங்க வேலை தேடலாமா'ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. போய் இன்டர்வியூ குடுங்க, கிளாஸ் எடுத்தா சட்டவிரோதம்.

அப்டேட் 2: டீச்சர் வேலைன்னு ஆரம்பிச்சு டேட்டா என்ட்ரின்னு மாத்துனாலோ, மியான்மர் பார்டர்ல இருக்க மே சோட் ஊர் பக்கம் வரச்சொன்னாலோ உடனே பிளாக் பண்ணுங்க. 2022ல தமிழ்நாட்டுப் பசங்களை அந்த பார்டர் தாண்டி மியான்மர்ல இருக்க மியாவாடிக்கு கொண்டுபோய் ஆன்லைன் மோசடி வேலைல அடைச்சு வச்சிருந்தாங்க. ஸ்கூல் பேரை மேப்ல தேடி, அங்க இருக்க ஆபீஸ் நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பேசுங்க.