இரவில் வெனிஸ்: ஆடாத கல்லைத் தேடி நில்லுங்கள்

நல்ல 'இரவுப் படங்கள்' பெரும்பாலும் நடு இரவில் எடுத்தவை அல்ல. சூரியன் மறைந்து இருபது நிமிடம் கழித்து வானம் கருநீலமாக இருக்கும், கரையோர விளக்குகளும் எரிய ஆரம்பித்திருக்கும், அந்தக் கால் மணி நேரம்தான் உங்களுக்கானது. வானம் முழுக் கறுப்பாகிவிட்டால் தேவாலயத்தின் குவிமாடம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஜூனில் இதற்காக 9 மணி தாண்டிக் காத்திருக்க வேண்டும், டிசம்பரில் மாலை 4:30-க்கே சூரியன் போய்விடும். என்னைக் கேட்டால் குளிர்காலம்தான். மூடுபனி கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் அகாதெமியா பாலத்துக்குப் போங்கள். அங்கிருந்து கிழக்கே பார்த்தால் கிராண்ட் கால்வாயின் கடைசியில் சாந்தா மரியா தெல்லா சலூத்தே தேவாலயம் தெரியும். 1630-இல் ஊரையே வாரிக்கொண்டு போன கொள்ளைநோய் நீங்கினால் மாதாவுக்குக் கோயில் கட்டுகிறோம் என்று நேர்ந்துகொண்டு, மறு வருடம் தொடங்கி 1687-இல் முடித்தது. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 8 முதல் 15 விநாடி என்று ஆரம்பியுங்கள். ஆனால் இந்தப் பாலத்தின் நடைதளம் மரம், யாராவது நடந்தால் ட்ரைபாடும் சேர்ந்து அதிரும். ஆள் நடமாட்டம் ஓய்கிற இடைவெளி பார்த்து, இரண்டு விநாடி டைமர் வைத்து அழுத்துங்கள். லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். வாப்பொரேட்டோ என்கிற பயணிகள் படகு பாலத்துக்கு அடியிலிருந்து வெளியே வரும்போது ஷட்டரைத் திறந்தால், அதன் விளக்குகள் தண்ணீர் மேல் நீளக் கோடாக விழும்.

விளக்கு வெளிச்சம் படும் வெள்ளைக் கல் சீக்கிரம் வெளுத்துப்போகும், அதைத் திரும்ப மீட்க முடியாது. அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து (அதாவது ஒளியைப் பாதியாக்கி), கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுத்துக்கொண்டு, நிழல்களை வீட்டில் வந்து தூக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது சான் மார்கோ சதுக்கத்தின் முன்னால் இருக்கும் படகுத்துறை. எதிரே தனித்தீவில் கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த சான் ஜோர்ஜோ மஜோரே தேவாலயம், முன்னால் கட்டிப் போட்ட கொண்டோலா படகுகள். கோபுரம் கல் மாதிரி நிற்கும், படகுகள் அலையில் ஆடிக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒரே படத்தில் கூர்மையாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டும் கெடும். பத்து விநாடி விட்டு, படகுகள் புகை மாதிரி கலையட்டும், தேவாலயம் மட்டும் அசையாமல் நிற்கட்டும், இந்த ஊரின் அழகே அதில்தான் இருக்கிறது. ட்ரைபாடை மட்டும் கரைக் கல்லில் ஊன்றுங்கள். படகு நிறுத்தங்கள் மிதக்கும் மேடைகள், அங்கே வைத்து எடுத்த எந்தப் படமும் தேறாது.

சரி, பெரிய இடங்கள் போதும். இரவு பத்து மணிக்கு மேல் ஊருக்குள் நுழைந்து சாந்தா மரியா தெய் மிராக்கொலி பக்கம் போங்கள். பளிங்கு பதித்த சின்ன தேவாலயம், சுவரை ஒட்டியே குறுகிய கால்வாய். மோட்டார் படகுகள் ஓய்ந்தபின் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். கேமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் பின்னால் சாயும், அதனால் பக்கத்துப் பாலத்தின் மேல் ஏறி, கேமராவை நேராக வைத்து எடுங்கள். கால்வாயில் இறங்கும் படிகளில் கால் வைக்காதீர்கள். கீழ்ப்படிகளில் பாசி பிடித்திருக்கும், இருட்டில் தெரியாது. என் ட்ரைபாட் ஒருமுறை அப்படித்தான் வழுக்கிச் சரிந்தது, நல்லவேளையாகக் கழுத்துப் பட்டை கையில் சுற்றியிருந்தது.

நவம்பர் 21 அன்று வெனிஸில் இருந்தால் ட்ரைபாடை அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அன்று சலூத்தே திருவிழா, கிராண்ட் கால்வாய்க்குக் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுவார்கள், ஊர்க்காரர்கள் மெழுகுவர்த்தி ஏற்ற வருவார்கள். எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/60, இது போதும். பிளாஷ் வேண்டாம். உள்ளே வழிபாடு நடக்கும்போது கேமராவைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், வாசல் படிகளில் மெழுகுவர்த்தியோடு ஏறி வருகிறவர்கள் முகத்தில் விழும் வெளிச்சமே உங்களுக்கு வேண்டிய படம்.