திடீரென ஒரு காது கேட்காமல் போனால்

காலையில் எழும்போது ஒரு காது அடைத்தாற்போல் இருக்கிறது. உள்ளே ஓயாத இரைச்சல். போனை அந்தப் பக்கம் வைத்தால் பேச்சு புரியவில்லை. சளி, அழுக்கு என்று நினைத்துச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு பத்து நாளைக் கடத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பாதிப்பு உள்காதில் இருந்தால் முதல் இரண்டு வாரம்தான் மருந்துக்கு நல்ல காலம்.

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் ஒலி பலமாகக் கேட்டால் அழுக்கு, நீர் போன்ற தடை இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் ஒதுங்கினால் உள்காதைச் சந்தேகிக்க வேண்டும். இது வெறும் குறிப்புதான். எந்தப் பக்கம் கேட்டாலும் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து ஆடியோகிராம் (கேள்திறனை அளக்கும் சோதனை) எடுங்கள். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, கைகால் மரத்துப்போவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். பக்கவாதமாக இருக்கலாம்.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த 3 அலைவரிசைகளில் (ஒலியின் சுருதி நிலைகளில்) 30 டெசிபலாவது (ஒலி அளவின் அலகு) கேள்திறன் இறங்கியிருந்தால் இதைத் திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பு என்கிறோம். பெரும்பாலானோருக்குக் காரணம் தெரிவதில்லை. செவி நரம்பில் கட்டி இல்லையென்று உறுதிசெய்ய எம்.ஆர்.ஐ. தேவை; அதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

வழக்கமான மருந்து ஸ்டீராய்டு. பிரெட்னிசோன் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி., நாளுக்கு அதிகபட்சம் 60 மி.கி.; முழு அளவில் 7 முதல் 14 நாள், பிறகு படிப்படியாகக் குறைப்பு. குறைந்த அளவில் நாலைந்து நாள் விழுங்குவது இந்தச் சிகிச்சை ஆகாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப்புண், காசநோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குச் செவிப்பறை வழியாக நடுக்காதில் ஊசி நல்ல மாற்று. மரக்க வைத்து, அரை மில்லி அளவு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்துவார்கள். பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி 15 முதல் 30 நிமிடம் படுத்திருக்க வேண்டும். அப்போது எச்சில்கூட விழுங்காமலிருப்பது நல்லது. விழுங்கினால் நடுக்காதுக் குழல் திறந்து மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும். மாத்திரையில் முழுப் பலன் கிடைக்காதவர்களும் 2 முதல் 6 வாரத்துக்குள் இதைப் போட்டுக்கொள்ளலாம். வைரஸ் மருந்தும் ரத்தக்குழாய் விரிப்பானும் வழக்கமாகத் தேவையில்லை.

எவ்வளவு திரும்பும்? இழப்பு லேசாக இருந்தாலும், கீழ் அலைவரிசைகள் மட்டும் பாதித்திருந்தாலும் நம்பிக்கை அதிகம். தலைசுற்றல், மிகக் கடுமையான இழப்பு, முதிய வயது, தாமதம் ஆகியவை வாய்ப்பைக் குறைக்கும். சிகிச்சை முடிந்ததும் ஒரு ஆடியோகிராம், 6 மாதத்துக்குள் இன்னொன்று எடுங்கள். குறை மிஞ்சினால் காது கருவி உண்டு. ஒரு காது முற்றிலும் போயிருந்தால் ஒலியை மறுகாதுக்கு அனுப்பும் கருவி, காக்லியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் உள்காதில் பொருத்தும் கருவி) இரண்டைப் பற்றியும் கேளுங்கள்.